எறும்பு காட்டிக்கொடுத்த நோய்: கைவிடப்பட்ட ஒரு கிழட்டு நாயின் 16 மாதங்கள்

2023 நவம்பர் 2, வியாழக்கிழமை மாலை. கொளத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி எனக்குத் தொலைபேசியில் பேசினார். என் எண்ணை யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கைவிடப்பட்ட நாய்களைப் பராமரிக்கும் இந்த வேலைக்கு வந்தபின் அந்தக் கேள்வியைக் கேட்பதே மறந்துவிட்டது. இரண்டாம் மாடியில் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்து 12 நாளாகிறதாம். கட்டில், பீரோ, துளசித் தொட்டி எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. நாய் மட்டும் மொட்டை மாடியில் நின்றுவிட்டது. "கண் தெரியாத கிழட்டு நாய், அம்மா. மழையும் பிடித்துக்கொண்டது. இன்றைக்குள் அப்புறப்படுத்து என்கிறார் செயலாளர். நான் எங்கே கொண்டுபோய் அப்புறப்படுத்துவது?"

நான் வில்லிவாக்கத்தில் அம்மாவோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். பகலில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். கடந்த ஒன்பது ஆண்டுகளில் எங்கள் வீட்டில் தங்கிப்போன நாய்கள் 20க்கு மேல் இருக்கும். பாதிக்கு மேல் வயதானவை. குட்டி என்றால் எடுத்துக்கொள்ள நாலு பேர் வருவார்கள். பத்து வயதைத் தாண்டி, மருந்துச் சீட்டோடு வருகிற நாயைக் கேட்டு யாரும் வருவதில்லை. இந்த ஒரு நாயைப் பற்றி விரிவாக எழுதக் காரணம், அதன் உடம்பில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்த மூன்று கோளாறுகள். எதை முதலில் தொடுவது, எதைக் காக்கவைப்பது, எதைத் தொடாமலே விடுவது என்று வாரத்துக்கு வாரம் தீர்மானிக்க வேண்டியிருந்தது. நடுவில் நான் ஒரு தவறும் செய்தேன். அதையும் எழுதியிருக்கிறேன்.

மொட்டை மாடி

தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே நனைந்த சாக்கில் படுத்திருந்தது. நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லி விற்கப்பட்டுவந்த வெள்ளை ஸ்பிட்ஸ் வகை, பெண். வெள்ளை என்பது என் ஊகம்தான். முடி சடைபிடித்து, விரல் நுழையாத கம்பளியாக இறுகிக் கிடந்தது. இரண்டு கண்ணிலும் பால் ஊற்றினாற்போல் வெண்மை. காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்து, சத்தம் வந்த திசைக்கு நேர் எதிராகத் திரும்பி நின்று வாலை ஆட்டியது.

காவலாளிப் பெரியவர் தம் சாப்பாட்டிலிருந்துதான் அதற்குச் சோறு வைத்திருக்கிறார். "வைத்ததை மிச்சமில்லாமல் தின்கிறது, அம்மா. உடம்பில்தான் ஒட்டவில்லை. தண்ணீரோ, எத்தனை தடவை ஊற்றினாலும் போதவில்லை." இன்னொன்றும் சொன்னார்: அக்டோபர் தொடக்கத்தில் தெருவின் ஆண் நாய்கள் எல்லாம் இந்த வாசலிலேயே கிடந்தனவாம். இந்த இரண்டு வாக்கியங்களும் பிற்பாடு எந்த ஆய்வக அறிக்கைக்கும் குறையாமல் உதவின.

தூக்குவதற்காகக் குனிந்தபோதுதான் கவனித்தேன். சாக்குக்கு அரை முழம் தள்ளி, தளத்தில் காய்ந்திருந்த சிறுநீர்க் கறையின் விளிம்பைச் சுற்றிப் பிள்ளையார் எறும்புகள் வரிசை கட்டியிருந்தன. நடுவில் ஒன்றுகூட இல்லை. விளிம்பில் மட்டும், கோலத்துக்குப் புள்ளி வைத்தாற்போல. என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொல்வதற்கு ஒரு மாதம் முன்பே, கழிவறை எறும்பைப் பார்த்துவிட்டுப் பாட்டி சொல்லிவிட்டார். அந்த நினைவில், சிறுநீர்க் கறையைக் கைபேசியில் படம் எடுத்தேன். பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

முதல் இரவு

எங்கள் மருத்துவர் என்னைவிட பத்து வயது இளையவர். பரிசோதனை மேசையில் கிடைத்தவை இவை: எடை 6.2 கிலோ. காய்ச்சல் 103.6 டிகிரி. ஈறு வெளுத்திருந்தது. பல் வரிசை முழுக்கக் காறை; பின்பற்கள் இரண்டு ஆடின. மடியின் கடைசிக் காம்பருகே சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. சடையை மழித்தபோது காது மடலிலும் கால் விரலிடுக்கிலும் உண்ணிகள். 43 வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டோம். வயது பல்லை வைத்து 11 அல்லது 12.

ரத்தத்தில் சர்க்கரை 478. நாய்க்கு இயல்பு அளவு ஏறத்தாழ மனிதருக்கு உள்ளதைப் போலத்தான்; 200ஐ ஒட்டிச் சென்றுவிட்டால் சிறுநீரகத்தால் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரில் இறங்கத் தொடங்கும். அதுதான் எறும்புக்குப் போய்ச் சேர்ந்த செய்தி. இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் கீட்டோன் சிறுநீரில் இல்லை. இருந்திருந்தால் அன்றிரவே சலைன் ஏற்றி உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்; பிழைப்பதும் நிச்சயமில்லை. தட்டணுக்கள் 58,000. குறைந்தது இரண்டு லட்சமாவது இருக்க வேண்டிய இடத்தில் இது உண்ணிக் காய்ச்சலின் கைவரிசை. பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி தொற்றினால் பெரும்பாலும் தட்டணுக்கள்தான் குறையும். சிறுநீரகம் அப்போதைக்கு நன்றாக இருந்தது.

இதுவரை அந்தக் குடியிருப்பில் எல்லோரும் இந்த நாயைப் பற்றிச் சொன்னது ஒரே சொல்: வயதாகிவிட்டது. கண் போனது வயதால், இளைத்தது வயதால், வீட்டுக்குள் சிறுநீர் கழித்தது வயதால். கண்ணைப் போக்கியது கூடச் சர்க்கரைதான். ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை விழிவில்லைக்குள் போய் வேறொரு சர்க்கரையாக மாறித் தண்ணீரை உறிஞ்சும். வில்லை உப்பிப் பால்போல் வெளுக்கும். நீரிழிவு வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓராண்டுக்குள் இது நடந்துவிடுகிறது. பூனைகளுக்கு அரிது. வயதான நாயைப் பார்த்ததும் நாக்கில் வந்து நிற்கிற அந்தச் சொல்லை நான் இப்போதெல்லாம் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன். அதைச் சொன்னபின் யாரும் ரத்தம் எடுத்துப் பார்ப்பதில்லை.

"அக்கா, ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஆனால் இது கருத்தடை செய்யாத பெண். அங்கேதான் ஆணிவேர் இருக்கும்" என்றார் மருத்துவர்.

மூன்று முடிச்சு

ஸ்கேனுக்கு வேப்பேரிக்குப் போனோம். சென்னையில் நாய் வளர்ப்பவர்கள் வேப்பேரி என்று சொன்னாலே 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைதான். கருப்பையின் சுவர் தடித்திருந்தது; உள்ளே கொஞ்சம் நீர். சீழ் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

பெண் நாய்க்குப் பருவம் வந்து போனபின், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஏறத்தாழ இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் உயர்ந்தே இருக்கும். அந்த ஹார்மோன் மடித் திசுவைத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும். வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினை வேலை செய்யவிடாது. காவலாளி சொன்ன ஆண் நாய்க் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இது சரியாக அந்த இரண்டு மாதத்துக்குள் இருந்தது. ஆகவே சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டுமானால் கருப்பையையும் சினைப்பையையும் எடுத்தாக வேண்டும். எடுக்க வேண்டுமானால் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். 478 சர்க்கரையோடு அது ஆபத்து. சர்க்கரை கொஞ்சம் இறங்கினாலும், 58,000 தட்டணுக்களோடு வயிற்றைக் கீறினால் ரத்தம் நிற்காது. தட்டணு ஏற வேண்டுமானால் டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள் போக வேண்டும். அதற்குள் கருப்பையில் சீழ் பிடித்துவிட்டால், எல்லாக் கணக்கையும் தூக்கி எறிந்துவிட்டு அன்றைக்கே கத்தியை எடுக்க வேண்டும். போதாக்குறைக்கு அழுகிய பற்கள். அவற்றின் அழற்சியும் இன்சுலினுக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

நண்பர்கள் இருவர் கருணைக்கொலையைப் பற்றி நயமாகப் பேசினார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. வேறு நாய்களுக்கு நானே அந்த முடிவை எடுத்திருக்கிறேன். ஆனால் இது பசியோடு சாப்பிட்டது. சத்தம் கேட்டால் வாலை ஆட்டியது. வலி என்று பார்த்தால் பல் ஒன்றுதான். சாகிற நாய் அப்படி இருக்காது.

மருத்துவர் வரிசை போட்டார். உண்ணிக் காய்ச்சலும் சர்க்கரையும் இன்றைக்கு. கருப்பை ஐந்தாவது வாரம், மடிக்கட்டியும் அதே மயக்கத்தில். பல் அதற்குப் பிறகு தனியாக. பல்லையும் சேர்த்து ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாமே என்று நான் கேட்டேன். வாயிலுள்ள கிருமியை வயிறு திறந்திருக்கும் நேரத்தில் கிளப்பிவிட வேண்டாம் என்றார். கண்புரைக்கு அறுவை சிகிச்சை உண்டு. அதைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம் என்றும் சொன்னார்.

ஏழு மணி

நாய்க்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் இன்சுலின் இல்லாமல் அடங்காத வகை. மனிதருக்குக் கொடுக்கும் மாத்திரைகள் இதற்கு உதவாது. அவர் எழுதிக்கொடுத்தது மனித இன்சுலின்தான்: மருந்துக் கடையில் அப்போது 150 ரூபாய் சொச்சத்துக்குக் கிடைத்த, ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று அச்சிட்ட பாட்டில்; கூடவே அதற்குரிய சிவப்பு மூடி சிரிஞ்சு. சாப்பிட்டதும் ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. 2 யூனிட்டில் தொடங்கினோம். சாப்பிடாவிட்டால் பாதி, வாந்தி எடுத்தால் கேட்காமல் போடக் கூடாது.

சோதிக்க மனிதருக்கான குளுக்கோமீட்டரே போதும். நாய் ரத்தத்தில் அது சற்றுக் குறைத்துக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். காது மடலின் வெளி ஓரத்தைச் சூடான துணியால் ஒத்தி, பின்புறம் பஞ்சை அண்டக்கொடுத்துக் குத்தினால் கடுகளவு ரத்தம் வரும். முதல் வாரம் என் கை நடுங்கியது. பாட்டி நடுங்கவில்லை. நாய்க்குப் பாட்டி என்று பெயர் வைத்தது அம்மா. "என் வயதுக்கு ஒருத்தி வீட்டில் இருக்கட்டும்" என்றார். கணக்கு வைத்ததும் அம்மாதான், தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில்: எத்தனை யூனிட், சாப்பிட்டாளா, எத்தனை கிண்ணம் தண்ணீர், எறும்பு வந்ததா. கடைசிக் கட்டம் அம்மாவின் சொந்த ஏற்பாடு. பின்கட்டில் பாட்டி சிறுநீர் கழித்த இடத்தை அரை மணி கழித்துப் போய்ப் பார்த்து, 'உண்டு' அல்லது 'இல்லை' என்று எழுதுவார். மருத்துவர் அந்தத் தாள்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு இரண்டு தாள்களைத் தம் கோப்பிலேயே வைத்துக்கொண்டார்.

நவம்பர் 12 தீபாவளி. பட்டாசு வெடிக்க அரசு அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. எங்கள் ஊசி நேரம் காலை 7, இரவு 7. கண் தெரியாத நாய்க்கு வெடிச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சமாதானமாகவும் வழியில்லை. கட்டிலுக்கடியில் போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. சோற்றைத் தொடவில்லை. அன்று பாதி அளவுதான் போட்டோம். முன்யோசனை இருந்திருந்தால் மூன்று நாள் முன்னதாகவே நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தரைக்கு நகர்த்தியிருக்கலாம். அடுத்த ஆண்டு அப்படித்தான் செய்தோம்.

நவம்பர் கடைசியில் தட்டணு 2,10,000. காய்ச்சல் போயிற்று. எடை 6.9 கிலோ. சர்க்கரைதான் பிடிவாதம் பிடித்தது. 2 யூனிட் 3 ஆகி, 4 ஆகி, 5 ஆகியும் 280க்குக் கீழே வரவில்லை. மருத்துவர் எதிர்பார்த்ததுதான். டிசம்பர் 6 அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தார்.

ஆரஞ்சு மூடியும் சிவப்பு மூடியும்

டிசம்பர் 3 இரவு மிக்ஜாம் புயல் மழை தொடங்கியது. 4ஆம் தேதி காலையில் மின்சாரம் போனது. தெருவில் முழங்கால் தண்ணீர். குளிர்பெட்டி அணைந்ததும் இன்சுலின் கெட்டுவிடும் என்று பதறி, மண் பானையில் ஈரமணல் நிரப்பிப் பாட்டிலை அதற்குள் வைத்தேன். உண்மையில் அவ்வளவு பாடு தேவையே இல்லை. பயன்பாட்டில் உள்ள பாட்டில், கடும் வெயில் படாமல் இருந்தால், அறை வெப்பத்தில் நான்கு வாரம் தாங்கும். அந்த மழையில் சென்னை ஊட்டி மாதிரி இருந்தது. என் அதிபுத்திசாலித்தனத்தின் விளைவு, அன்றிரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஈரப் பானையிலிருந்து எடுத்த பாட்டில் கைநழுவித் தரையில் உடைந்தது.

மறுநாள் மாலை தண்ணீரில் நடந்து போய், திறந்திருந்த ஒரே மருந்துக் கடையில் கேட்டேன். பாட்டில் இல்லை, இன்சுலின் பேனாவில் போட்டுக்கொள்ளும் சிறு குப்பிதான் இருந்தது. "அதே மருந்துதான், மேடம்" என்றார் கடைக்காரர். அதே மருந்துதான். ஆனால் அந்தக் குப்பியில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு வேண்டும். நான் வீட்டில் இருந்த சிவப்பு மூடி சிரிஞ்சில் வழக்கம்போல் 5 கோடு இழுத்துப் போட்டேன். 5 கோடு என்றால் 0.125 மில்லி. 40 பாட்டிலில் அது 5 யூனிட். இந்தக் குப்பியில் பன்னிரண்டரை.

ஒன்பது நாற்பதுக்குப் பாட்டி எழுந்து நடந்தபோது பின்னங்கால் பின்னியது. தலை லேசாக ஆடியது. கூப்பிட்டால் காது திரும்பவில்லை. காதைக் குத்திப் பார்த்தேன்: 49. கைபேசி வெளிச்சத்தில் அட்டைப்பெட்டியைத் திருப்பினேன். 100 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மயக்கத்தில் இருக்கும் நாயின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அது தெரிந்திருந்தது, நல்லவேளை. சர்க்கரைப் பாகை விரலில் தொட்டு ஈறில் தேய்த்தேன். கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடியில், மறுபடி ஈறில். பத்து நிமிடத்தில் நாக்கு என் விரலைத் தேடி நக்கியது. பிறகு சோறும் முட்டையும். மாடிக்கு ஏறினால்தான் கைபேசியில் ஒரு கோடு சிக்னல் வந்தது, மருத்துவர் எடுத்தார். இந்த வகை இன்சுலின் மணிக்கணக்கில் வேலை செய்யும், ஒருமுறை ஏறிவிட்டது என்று தூங்கிவிடாதீர்கள், அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள், காலை ஊசி வேண்டாம் என்றார். 49, 88, 71, 64, மறுபடி பாகு, 102. விடியும்வரை அம்மா எண்களை எழுதினார். நான்கரை மணிக்கு 190 வந்தபோது பேனாவை வைத்துவிட்டு, "நீ படுத்துக்கொள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அது திட்டைவிடக் கனமாக இருந்தது.

நிறைய வீடுகளில் இந்தத் தவறு நடக்கிறது. இரண்டு அடர்த்தி, இரண்டு சிரிஞ்சு, ஒரே மருந்துப் பெயர். மாற்றிப் போட்டால் எதிர்ப்பக்கமும் ஆபத்து: 40 பாட்டிலை ஆரஞ்சு சிரிஞ்சில் இழுத்தால் மருந்து பாதிக்கும் குறைவாகப் போய், 'இன்சுலின் வேலை செய்யவில்லை' என்று தோன்றும்.

கருப்பை

தள்ளிப்போன அறுவை சிகிச்சைக்கு டிசம்பர் 14 காலையில் முதல் நோயாளியாக எடுத்துக்கொண்டார்கள். இரவு முழுக்கப் பட்டினி போடவில்லை. அதிகாலையில் ஒரு கைப்பிடி உணவு, பாதி இன்சுலின், மயக்கத்தில் இருக்கும்போது அரை மணிக்கு ஒரு சர்க்கரைச் சோதனை. எடுத்த கருப்பையை மருத்துவர் தட்டில் வைத்துக் காட்டினார். என் சுண்டுவிரல் தடிமன்கூட இருக்கக் கூடாதது கட்டைவிரலை மிஞ்சியிருந்தது. வெட்டியபோது உள்ளே நீர்க்கொப்புளங்கள், ஒரு கிளையில் மட்டும் கலங்கிய சீழ். இன்னும் சில வாரம் போயிருந்தால் நிறைந்திருக்கும். மடிக்கட்டியின் திசுப் பரிசோதனை, புற்று அல்ல என்று வந்தது. பெண் நாய்களின் மடிக்கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றாகவே இருக்கும் என்பதால் அதைப் பெரிய அதிர்ஷ்டமாக எண்ணினோம்.

அதன்பின் நடந்ததுதான் எனக்குப் பாடப்புத்தகம். ஆறு வாரமாக எதற்கும் அசையாத சர்க்கரை, எட்டாம் நாளிலிருந்து இறங்கத் தொடங்கியது. ஊசி அளவை 5லிருந்து 4, பிறகு 3, பொங்கலுக்குப் பின் 2.5. ஜனவரி கடைசியில் இரண்டு மணிக்கு ஒருமுறை 12 மணி நேரம் குத்திப் பார்த்தபோது மிகக் குறைந்த அளவு 118. அம்மாவின் தாளில் எறும்புக் கட்டத்தில் தொடர்ந்து 'இல்லை'. மார்ச்சில் பல்: ஒன்பதைப் பிடுங்கினார்கள். மறுவாரமே உலர்ந்த உணவைக் கடிக்கத் தொடங்கியது, மிச்சமிருந்த பல்லால்.

கண்ணைத் தொடவில்லை. அறுவைக்கான செலவு ஒரு காரணம். பழைய புரையால் விழிக்குள் ஏற்கெனவே அழற்சி இருந்ததும், விழித்திரை பிழைத்திருக்கிறதா என்பது தெரியாததும் பெரிய காரணங்கள். அழற்சிக்கு மட்டும் தினமும் சொட்டு மருந்து. ஸ்டீராய்டு கலக்காத சொட்டு. ஸ்டீராய்டு சர்க்கரையைத் தூக்கிவிடும்.

பார்வையில்லாத நாய் வீட்டைப் பாதத்தால் படித்துவிடும். படிக்கட்டுக்கு ஒரு முழம் முன்னால் தேங்காய் நார் மிதியடி, தண்ணீர்க் கிண்ணத்தின் கீழே கோணிச் சாக்கு, பின்கட்டு வாசலில் ரப்பர் விரிப்பு என்று போட்டுவைத்தோம். நான்காம் நாள் நார் மிதியடியில் கால் பட்டதும் தானாக நின்றது. பொங்கலுக்கு ஒட்டடை அடித்து மரப்பெஞ்சை இரண்டடி நகர்த்தினேன். பாட்டி அதில் மோதிக்கொண்டு, அது பெஞ்சுதானா என்று ஒவ்வொரு காலாக முகர்ந்து, பிறகு பழைய இடத்துக்குப் போய் அங்கே பெஞ்சு இல்லாததையும் உறுதி செய்துகொண்டு நின்றது. பெஞ்சைத் திருப்பி வைத்துவிட்டேன்.

ஸ்வீட்டி

2024 பிப்ரவரியில், தத்துக்குக் கேட்டு நாங்கள் பகிர்ந்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு ஓர் ஆண் அழைத்தார். அது எங்கள் நாய் என்றார். என்னிடம் அவருக்காக ஓராண்டாகச் சேர்த்துவைத்த சொற்கள் இருந்தன. மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, ஆனாலும். அவற்றைச் சொல்லியிருந்தால் அவர் தொலைபேசியை வைத்திருப்பார். எனக்கு வேண்டியிருந்தது பாட்டியின் மருத்துவ வரலாறு. ஆகவே கணக்கு எழுதும் குரலில் கேட்டேன்.

வயது 13. இரண்டு முறை குட்டி போட்டது. தண்ணீர் அதிகம் குடிக்கத் தொடங்கியது முந்தைய ஆண்டு ஆடி மாதம். வீடெல்லாம் நனைக்கிறது என்று தண்ணீரைக் குறைத்தார்கள். அரிப்புக்கு ஓரிடத்தில் மாதம் ஓர் ஊசி போட்டுவந்தார்கள். அது ஸ்டீராய்டாக இருக்கலாம் என்பது எங்கள் மருத்துவரின் ஊகம். கண் போனதும், வயதாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்றாராம். பெயர் ஸ்வீட்டி. இதைக் கேட்ட மருத்துவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக மன்னிப்பும் கேட்டார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மகள் கைபேசியை வாங்கினாள். நான் ஒலிபெருக்கியில் வைத்திருந்தேன். "ஸ்வீட்டி" என்று ஒருமுறைதான் கூப்பிட்டாள். மூலையில் உறங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து, மிதியடி, சாக்கு எதையும் மதிக்காமல் நேராகச் சத்தத்தை நோக்கி வந்து மேசைக் காலில் மோதியது. ஒலிபெருக்கியை அணைத்தேன். பிள்ளை ஒருமுறை வந்து பார்க்கலாமா என்று அவர் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் மறுபடி அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வழக்குப் போடச் சொன்னவர்கள் உண்டு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில், பசிதாகத்தால் வாடும்படி விலங்கைக் கைவிடுவது குற்றம்தான். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. 50 ரூபாய்க்கு ஐந்தாறு சிரிஞ்சு வரும். நான் அலையவில்லை.

தத்தும் ஒருமுறை நடந்தது. மே மாதம் தாம்பரத்தில் ஒரு தம்பதி, நல்ல மனிதர்கள், வீட்டுக்கே வந்து ஊசி போடக் கற்றுக்கொண்டு அழைத்துப் போனார்கள். பதினோராம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். திருநெல்வேலியில் கல்யாணம், நான்கு நாள். யார் ஊசி போடுவது? நாய் விடுதிகள் இன்சுலின் என்றதும் மறுத்துவிட்டன. அந்த அம்மா அழுதுகொண்டே கிண்ணத்தையும் துண்டையும் மடித்துக் கொடுத்தார். தற்காலிகப் பராமரிப்புக்கு ஆள் தேடும்போது அன்பு இருக்கிறதா என்று யாரையும் நான் கேட்பதில்லை. கல்யாணம், காதுகுத்து, கோடை விடுமுறை வந்தால் ஏழு மணி ஊசிக்கு இரண்டாவது ஆள் இருக்கிறாரா என்றுதான் கேட்கிறேன். எங்கள் வீட்டில் அம்மா இருந்ததால் நடந்தது. அம்மாவும் அந்த 16 மாதத்தில் சொந்த ஊருக்கு ஒரே ஒருமுறைதான் போனார்.

செலவு மொத்தம் 61,400 ரூபாய். அறுவை சிகிச்சை இரண்டும் சேர்ந்து 24,000. பரிசோதனைகள் 15,000க்கு மேல். இன்சுலினும் சிரிஞ்சும் இவற்றோடு ஒப்பிட்டால் சில்லறை. பாதி நண்பர்கள் கொடுத்தது. இன்றைக்கு இதே நாய் வந்தால் ஸ்கேனை முதல் நாளே எடுத்துவிடுவேன். நாங்கள் ஆறாம் நாள்தான் போனோம், அந்த ஆறு நாளும் சீழைப் பற்றி ஊகத்தில்தான் ஓட்டினோம்.

2025 ஜனவரியில் எடை மறுபடி குறைந்தது. இந்த முறை சர்க்கரை இல்லை, எறும்பும் வரவில்லை. சிறுநீரகம். சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 2.9, பிப்ரவரி கடைசியில் 5.2. தோலுக்கடியில் சலைன் ஏற்றி ஆறு வாரம் ஓட்டினோம். மார்ச் 11ஆம் தேதி காலையில் முட்டையை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கருணைக்கொலைப் பேச்சு வந்தபோது நான் வைத்திருந்த அளவுகோலை எடுத்துப் பார்த்தேன்: பசி இல்லை, வால் அசையவில்லை. மாலையில் மருத்துவர் வீட்டுக்கே வந்தார். அம்மா மடியில் வைத்திருந்தார். ஊசி போடுவதற்குச் சற்று முன், நான் ஒருமுறை ஸ்வீட்டி என்று கூப்பிட்டேன். காது திரும்பியது.

மிச்சமிருந்த 31 சிரிஞ்சுகளும் பாதி பாட்டில் இன்சுலினும் அடுத்த வாரம் பெரம்பூரில் ஒரு வீட்டுக்குப் போயின. அங்கே ஒன்பது வயது டாக்ஷண்ட் இன நாய்க்குப் புதிதாகச் சர்க்கரை. பெட்டியின்மேல் நான் ஒட்டியிருந்த தாளைக் கிழிக்காமலே கொடுத்தேன். அதில் அம்மாவின் கையெழுத்தில் இருந்தது: சிவப்பு மூடி. 40 பாட்டிலுக்கு மட்டும்.